காலியிடம் இருந்தும் மக்கள் கூட்டத்துக்கே போவது ஏன்?

மக்கள் சில இடங்களில் மட்டும் அடர்ந்து வாழ்வதும், பிறகு இடம்பெயர்வதும் ஏன் என்று என்னிடம் கேட்கப்பட்டது. அந்த ஒரு கேள்வியில் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. உலகில் இத்தனை வெற்று நிலம் கிடக்கும்போது மக்கள் ஒரு சில பகுதிகளில் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்வது ஏன் என்பது முதலாவது. அந்த நெருக்கம் தாங்காமல் இடம் தேடிப் போவதைத்தான் இடப்பெயர்வு என்கிறோமா என்பது இரண்டாவது. அதற்கு வறுமைதான் முதற்காரணமா என்பது மூன்றாவது. முதற்கேள்விக்கு மண்ணும் நீரும் வரலாறும் சேர்ந்து பதில் சொல்லும். மற்ற இரண்டுக்கும் பள்ளிப் பாடநூல்கள் முதல் மேடைப் பேச்சுகள் வரை 'ஆம்' என்ற பதிலே வழக்கத்தில் இருக்கிறது. கல்லூரியில் புவியியல் கற்பித்த காலத்தில் நானும் சில ஆண்டுகள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பதில் பெரும்பாலும் தவறு என்று கருதுகிறேன். அதற்கான காரணங்களை இங்கே விளக்குகிறேன்.

தமிழ்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர். இந்தோனேசியாவின் ஜாவா தீவும் கிட்டத்தட்ட அதே அளவுதான். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.2 கோடி. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஜாவாவின் மக்கள்தொகை, ஒட்டியுள்ள மதுரா முதலிய தீவுகளையும் சேர்த்து, 15 கோடிக்கு மேல். நம் மாநிலத்தின் மீது இன்னொரு தமிழ்நாட்டைத் தூக்கி வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஜாவாவுக்கு வடக்கே கடலுக்கு அப்பால் இருக்கும் கலிமந்தான், அதாவது போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதி, ஜாவாவைவிட நான்கு மடங்கு பெரியது. அங்கே வாழ்பவர்களோ 1.66 கோடிப் பேர்தான். ஒரே நாடு, ஒரே ஆட்சி, இரண்டிலும் நிலநடுக்கோட்டை ஒட்டிய வெப்பம், இரண்டிலும் ஏராளமான மழை. ஒன்றில் சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கு மேல் வாழ, மற்றொன்றில் முப்பது பேரளவே வாழ்கிறார்கள்.

வேறுபாடு மண்ணில் இருக்கிறது. ஜாவாவின் முதுகெலும்பாக எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. அவை காலந்தோறும் கக்கிய சாம்பல் மழையில் கரைந்து, சரிவுகளில் இறங்கி, பாசன நீரோடு சேர்ந்து வயலுக்கு வந்து உரமாகிறது. கலிமந்தானில் இத்தகைய எரிமலைகள் இல்லை. பல லட்சம் ஆண்டுகளாகப் பெய்த மழை அங்கே மண்ணின் சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. பச்சைப்பசேலென்று நிற்கும் காட்டைப் பார்த்து நிலம் வளமானது என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள், ஏனெனில் அங்கே வளம் மரத்திலும் இலைச்சருகிலும்தான் இருக்கிறது, அடியிலுள்ள மண்ணில் இல்லை. காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்டால் இரண்டு மூன்று போகத்துக்குச் சாம்பலின் சத்துக் கிடைக்கும். பிறகு அந்த நிலத்தைப் பல ஆண்டுகள் சும்மா போட்டுவிட்டு வேறிடத்துக்குப் போக வேண்டும். இப்படி வாழ்பவர்களுக்கு ஒரு குடும்பத்துக்கே பெரும்பரப்பு தேவைப்படும். ஆகவே நாம் காலி என்று நினைக்கும் காட்டில் பெரும்பகுதி காலியாக இல்லை, சுழற்சிமுறையில் யாரோ ஒருவருடைய கொல்லையாக இருந்துவருகிறது.

நீர் நிறுத்திச் செய்யும் நெல் வேளாண்மைக்கு மற்றொரு குணமும் உண்டு. கூடுதலாக ஓர் ஆள் வயலில் இறங்கினால் அவர் உண்பதற்கு வேண்டியதையாவது அந்த வயல் கூடுதலாகத் தந்துவிடும். நாற்றை நெருக்கி நடலாம், களையை ஒருமுறைக்கு இருமுறை எடுக்கலாம், வரப்பைச் செப்பனிடலாம். ஜாவாவின் அறுவடையில் 'அனி-அனி' என்றொரு சிறு கத்தியைப் பெண்கள் உள்ளங்கைக்குள் மறைத்துப் பிடித்து, ஒவ்வொரு கதிராக அறுப்பது நெடுங்கால வழக்கம். அரிவாளால் ஓர் ஆள் சாய்க்கும் தாளைக் கதிர் கதிராக அறுக்கப் பல பெண்கள் வேண்டும், அறுத்த நெல்லில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு. கூட்டம் வாழ்வதற்கென்றே அமைந்த வேளாண்மை இது. 1815ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலேயர் எடுத்த கணக்கில், அது குறைவான கணக்கு என்றாலும், ஜாவாவில் 50 லட்சம் பேர்கூட இல்லை. 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த எண்ணிக்கை நான்கு கோடியைத் தாண்டிவிட்டது. அந்தப் பெருக்கத்தை அதே தீவின் வயல்கள் தாங்கின.

ஜாவாவில் கண்ட இந்த விதி உலகப்படத்தின் பெரும்பகுதிக்குப் பொருந்தும். எகிப்து நாட்டின் பரப்பு பத்து லட்சம் சதுர கிலோமீட்டர், ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் நைல் ஆற்றின் கரையிலும் கழிமுகத்திலும், நாட்டின் பரப்பில் சுமார் ஐந்து விழுக்காட்டில் அடங்கிவிடுகிறார்கள். சீனப் புவியியலாளர் ஹு ஹுவான்யோங் 1935இல் தம் நாட்டின் வரைபடத்தில் வடகிழக்கே இருந்து தென்மேற்கே பர்மா எல்லையை ஒட்டிய தெங்சோங் வரை ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்குக் கிழக்கே மழையும் வண்டலும் நெல்லும் கோதுமையும் உண்டு, மேற்கே புல்வெளியும் பாலையும் திபெத்திய மேட்டுநிலமும் உண்டு. சீனர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் கோட்டுக்குக் கிழக்கே வாழ்ந்தனர். அதன்பின் போர், புரட்சி, பஞ்சம், தொழில்மயம், மேற்குப் பகுதிக்கு அரசே முன்னின்று அனுப்பிய குடியேற்றம் என்று எத்தனையோ நிகழ்ந்தும் அந்த விகிதம் இன்றும் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கிறது. கங்கைச் சமவெளியிலும் இதே கதைதான். 2011இல் பீகாரில் சதுர கிலோமீட்டருக்கு 1,106 பேர் வாழ்ந்தனர், தமிழ்நாட்டில் 555 பேர். பீகாரில் பெருந்தொழில் அதிகமில்லை. இமயத்திலிருந்து வரும் வண்டல் மட்டும் பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே படிந்துகொண்டிருக்கிறது.

நிலக்கரியும் ஆலையும் வந்த பிறகு இங்கிலாந்தின் நடுப்பகுதியிலும் ஜெர்மனியின் ரூர் பள்ளத்தாக்கிலும் புதிய திரள்கள் உருவானதும், துறைமுகங்களைச் சுற்றி மாநகரங்கள் வளர்ந்ததும் எல்லோரும் அறிந்தவைதான். சராசரி அடர்த்தி என்ற எண்ணை நம்பிவிடக் கூடாது என்பதை மட்டும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். மங்கோலியாவில் சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர் என்று புள்ளிவிவரம் சொல்லும், ஆனால் அந்நாட்டவரில் ஏறத்தாழ பாதிப்பேர் உலான்பாதர் என்ற ஒரே நகரத்தில் வாழ்கிறார்கள். உலகிலேயே மிக விசாலமான நாடுகளில் ஒன்றின் குடிமகன், குளிர்காலத்தில் நிலக்கரிப் புகை சூழ்ந்த நெரிசலான நகர்ப்புறத்தில் குடியிருப்பதை அந்தச் சராசரி காட்டாது.

மங்கோலியனுக்கு நாட்டில் இடப்பற்றாக்குறை இல்லை. இருந்தும் அவன் வெட்டவெளியை விட்டு நெரிசலுக்குள் வருகிறான். அப்படியானால் நெருக்கம் தாங்காமல் காலியிடத்தை நோக்கிப் போவதே இடப்பெயர்வு என்ற விளக்கம் எங்கே நிற்கிறது? பானையில் நீர் நிரம்பி வழிவதைப்போல மக்கள் வழிவார்கள் என்ற உவமையே இங்கே பிழை.

இந்த உவமையை நம்பி ஓர் அரசு கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் சோதனை நடத்தியது, அதுவும் அதே ஜாவாவில்தான். 1905இல் டச்சு ஆட்சியினர் மத்திய ஜாவாவின் கெடு பகுதியிலிருந்து 155 குடும்பங்களைத் தென்சுமத்ராவின் லாம்புங் மாவட்டத்தில் கெடோங் தாத்தான் என்ற இடத்தில் குடியேற்றினார்கள். விடுதலைக்குப் பின் இந்தோனேசிய அரசு அதையே 'டிரான்ஸ்மிக்ராசி' என்ற பெயரில் தொடர்ந்தது. அதிபர் சுகார்த்தோவின் ஆட்சியில், உலக வங்கியின் கடனுதவியோடு, 1979 முதல் 1984 வரையிலான ஐந்தாண்டில் மட்டும் ஐந்து லட்சம் குடும்பங்களைப் பிற தீவுகளுக்கு அனுப்புவது இலக்கு. ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஹெக்டேர் அளவில் நிலம், ஒரு மரவீடு, முதல் அறுவடை வரை உணவுப்பொருள் என்று திட்டம் தாராளமாகவே இருந்தது.

அதே காலத்தில் ஜாவாவில் நடந்ததைப் பார்ப்போம். 1971இல் 7.6 கோடியாக இருந்த ஜாவாவின் மக்கள்தொகை 1990இல் 10.7 கோடியானது. கப்பலேற்றி அனுப்பியவர்களைவிடத் தீவில் புதிதாகப் பிறந்தவர்களே அதிகம். அதைவிடக் கவனிக்க வேண்டியது, அரசு காசு கொடுத்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்தபோதே, யாரும் அழைக்காமல், காசு கொடுக்காமல், கிராமத்தார் ஜகார்த்தாவுக்குள் வந்துகொண்டே இருந்தார்கள். பொறுக்க முடியாமல் 1970இல் அந்நகரின் ஆளுநர் அலி சடிகின், வேலையில்லாத வெளியூராருக்கு ஜகார்த்தா இனி 'மூடப்பட்ட நகரம்' என்று அறிவித்தார். அவர் மூடிய நகரத்தின் மக்கள்தொகை 1971இல் 45 லட்சம், 1990இல் 82 லட்சம். இலவச நிலத்தையும் வீட்டையும் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டுத் தடைவிதித்த நகரத்தின் சேரிக்குள் நுழைந்தவர்கள் அறியாமையால் அப்படிச் செய்யவில்லை. அங்கே தள்ளுவண்டியில் சோறு விற்றாலும் வாங்கி உண்ண ஆள் இருக்கிறது. காட்டு நடுவே தனக்குக் கிடைத்த இரண்டு ஹெக்டேரில் விளைவதை விற்கச் சந்தை எங்கே, சாலை எங்கே? கூட்டம் என்பது சுமை மட்டுமன்று, அதுவே வேலையும் சந்தையும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் ஆகிறது.

குடியேறிய இடத்தில் மண் கைவிட்ட கதையும் உண்டு. 1995இல் மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்புநிலத்தை நெல்வயலாக மாற்றும் பெருந்திட்டம் தொடங்கப்பட்டது. அது முற்றாக மட்காத தாவரக் குப்பை பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்த நிலம். வடிகால் வெட்டி நீரை இறக்கியதும் அந்த மண் காய்ந்து சுருங்கியது, அடியிலிருந்து அமிலநீர் கசிந்தது, நெல் விளையவில்லை. 1997இன் கடும் வறட்சியில் அதே காய்ந்த நிலம் தீப்பிடித்து எரிய, அதன் புகை சிங்கப்பூர், மலேசியா வரை சூழ்ந்தது. 2001இல் அதே மாநிலத்தின் சம்பிட் நகரில் அம்மண்ணின் பூர்வகுடிகளான தயாக் மக்களுக்கும் மதுரா தீவிலிருந்து குடியேறியவர்களுக்கும் மூண்ட கலவரத்தில் பல நூறு பேர் இறந்தனர், மதுரா மக்கள் பல்லாயிரக்கணக்கில் தப்பியோடினர். மதுரா மக்களில் பெரும்பாலோர் அரசுத் திட்டத்தின் வழியாக அல்லாமல் தாமாகவே போனவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் யாருடையதும் அல்லாத நிலம் என்று ஒன்று இருப்பதாக நம்பும் எண்ணம் இரண்டுக்கும் பொது. தோல்வியை மட்டும் சொன்னால் நேர்மையாகாது. லாம்புங்கில் குடியேற்றம் நிலைத்துவிட்டது, இன்று அதன் மக்களில் பாதிக்கு மேல் ஜாவானியர். அது ஜாவாவுக்கு மிக அருகில், நீரிணையைப் படகில் கடந்தால் போய்ச் சேரக்கூடிய இடம் என்பதும், முதலில் போனவர்களின் உறவினர்கள் தாமாகவே பின்தொடர்ந்தார்கள் என்பதும் அந்த வெற்றியில் பெரும்பங்கு வகித்தன.

உறவும் அருகாமையும் செய்யும் வேலையை முதலில் கண்டு எழுதியவர் எர்னஸ்ட் ஜார்ஜ் ராவன்ஸ்டைன். ஜெர்மனியில் பிறந்து லண்டனில் வாழ்ந்த வரைபட வல்லுநர். இடப்பெயர்வுக்குத் திட்டமான விதி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்று புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் சொன்னதைக் கேட்டு, உண்மையிலேயே இல்லையா பார்ப்போம் என்று பிரிட்டனின் கணக்கெடுப்பு ஏடுகளைப் புரட்டத் தொடங்கினார். 1885இல் வெளியான அவருடைய கட்டுரையின் முடிவுகளில் பல இன்றும் நிற்கின்றன. பெரும்பாலோர் குறைந்த தூரமே போகிறார்கள். நெடுந்தூரம் போகிறவர்கள் வணிகத்துக்கும் தொழிலுக்கும் பெயர்பெற்ற பெருநகரங்களை நாடுகிறார்கள். ஒவ்வொரு நீரோட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் உண்டு. குறைந்த தூரத்தில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இடம்பெயர்கிறார்கள்.

கடைசி விதியை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் நம்பமாட்டார்கள். அப்போது நான் அவரவர் தாய் எந்த ஊரில் பிறந்தவர் என்று கேட்பேன், வகுப்பு சிரிக்கத் தொடங்கிவிடும். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பிறந்த ஊரிலோ முன்பு வாழ்ந்த ஊரிலோ இல்லாமல் வேறிடத்தில் வாழ்பவர்கள் சுமார் 45 கோடிப் பேர். அவர்களில் மிகப் பெரிய பிரிவினர் திருமணமாகிக் கணவன் ஊருக்குப் போன பெண்கள். வேலைக்காகப் போனதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினர்தான். இடப்பெயர்வு என்றதும் விமானநிலையத்தில் நிற்கும் இளைஞனின் உருவம்தான் நம் மனக்கண்ணில் தோன்றுகிறது, தாலி கட்டிய மறுநாள் முப்பது கிலோமீட்டர் தாண்டிப்போன பெண்ணின் உருவம் தோன்றுவதில்லை. நாடுவிட்டு நாடு போனவர்கள் உலகளவில், ஐ.நா.வின் 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 30.4 கோடி. உலக மக்களில் அது நூற்றுக்கு நான்கு பேர்கூட ஆகாது. இவ்வளவு ஏற்றத்தாழ்வுள்ள உலகில் இவ்வளவு பேர் போகிறார்களே என்பதைவிட, இவ்வளவு பேர் போகாமல் இருக்கிறார்களே என்பதுதான் எனக்கு வியப்பாகத் தோன்றுகிறது.

இனி வறுமைக்கு வருவோம். வறுமை ஆளைத் தள்ளும் என்பது உண்மை. ஆனால் பயணத்துக்குக் காசு வேண்டும், கடன் வாங்க நாணயம் வேண்டும், போகிற ஊரைப்பற்றிச் செய்தி சொல்ல ஆள் வேண்டும். மிகவும் ஏழ்மைப்பட்டவனிடம் இந்த மூன்றும் இருப்பதில்லை. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் கண்டு பஞ்சம் மூண்டது. 1841இல் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் 65 லட்சமாகச் சுருங்கியது. ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் வெளியேறினார்கள். இந்த இரு கூட்டத்தாரும் பெரும்பாலும் வெவ்வேறு தரத்தினர். குடிசையும் கிழங்குப் பாத்தியும் தவிர வேறொன்றும் இல்லாதவர்கள் இருந்த இடத்திலேயே மடிந்தார்கள். சிறிது நிலமோ விற்க ஒரு மாடோ, அமெரிக்காவிலிருந்து கப்பல் கட்டணம் அனுப்ப ஓர் அண்ணனோ அக்காளோ இருந்தவர்கள் கப்பலேறினார்கள்.

இன்றும் நாடுகளை ஒப்பிட்டால் இதுவே தெரிகிறது. மிகமிக ஏழை நாடுகளிலிருந்து வெளியேறுபவர்களின் விகிதம் குறைவு, வருமானம் நடுத்தர நிலையை எட்டும்வரை அது கூடிக்கொண்டே போய், அதன்பிறகுதான் இறங்குகிறது. கல்வியும் சேமிப்பும் ஆசையும் வளர்கிற அளவுக்கு உள்ளூரில் வேலை வளராத இடைப்பட்ட காலமே வெளியேற்றத்தின் உச்சகாலம். இந்தியாவுக்குள் இதன் எடுத்துக்காட்டு கேரளம். 1973இல் எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடா நாடுகளில் கட்டுமானம் பெருகியபோது அங்கே திரண்டு போனவர்கள், இந்தியாவின் மிக ஏழை மாநிலத்தவர் அல்லர். பள்ளிப்படிப்பு முடித்த, கடவுச்சீட்டு விண்ணப்பத்தைத் தாமே நிரப்பத் தெரிந்த, அரபிக்கடல் வணிகத்தோடு பழந்தொடர்புடைய மலையாளிகள். அதே காலத்துப் பீகார் தொழிலாளி ரயிலேறிப் பஞ்சாப் வயலுக்குத்தான் போக முடிந்தது.

காசும் செய்தியும் இல்லாத ஏழைகள் கடல்தாண்டிக் கூட்டம்கூட்டமாகப் போன நிகழ்வுகளும் வரலாற்றில் உண்டே என்று கேட்கலாம். உண்டு. அங்கெல்லாம் காசையும் செய்தியையும் வேறொருவர் கொடுத்து, அதற்கு ஈடாக ஆளையே எழுதி வாங்கிக்கொண்டார். தமிழர்களுக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு இலங்கை மலையகம். கண்டி அரசு 1815இல் வீழ்ந்தபின் மலைக்காடுகளை வெட்டி ஆங்கிலேயர் 1830களிலிருந்து காப்பி பயிரிட்டனர். காப்பிப்பழம் பறிப்பது ஆண்டில் சில மாதங்களுக்கே உரிய வேலை. ஆகவே திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் பக்கத்துக் கூலிகள் தம் ஊர் வயல்வேலை ஓய்ந்த பருவத்தில் கடல் கடந்து, காட்டுவழியே பல நாள் நடந்து மலையேறி, பழம் பறித்துமுடித்து ஊர் திரும்பினார்கள். நோயிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். 1869இல் காப்பி இலையில், பூஞ்சையால் வரும் துருநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுக்குள் காப்பி அழிந்து தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. தேயிலைச் செடி ஆண்டு முழுவதும் துளிர்விடும், கொழுந்தை வாரத்துக்கொருமுறை பறித்தாக வேண்டும், பறிக்கும் கைகள் பெண்களுடையவை. போய்வந்துகொண்டிருந்த ஆண்கூலி குடும்பத்தோடு லயத்தில், அதாவது தோட்டத்தின் வரிசைவீடுகளில், குடியேறியது அதன் விளைவு. ஒரு பூஞ்சை, ஒரு செடியை மாற்றியது. அந்தச் செடியின் பறிப்புக்காலம், பருவகால இடப்பெயர்வை நிரந்தரக் குடியேற்றமாக்கியது. தள்ளும் காரணி, இழுக்கும் காரணி என்று பாடநூல் போடும் இரு பட்டியல்களுக்குள் இப்படிப்பட்ட காரணம் அகப்படுவதில்லை.

இவர்களை அழைத்துப்போனவர் கங்காணி. அவர் பெரும்பாலும் அதே ஊர்ப்பக்கத்து மனிதர், சிலவேளை உறவினர். தோட்டத்துரையிடம் முன்பணம் வாங்கிவந்து, ஊரில் இருந்த கடனைத் தீர்த்து, துணிமணி எடுத்துக்கொடுத்து, வழிச்செலவைச் செய்து கூட்டிப்போவார். செலவு முழுவதும் கூலியின் கணக்கில் கடனாக ஏறும். அக்கடன் இவ்வளவு என்று எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். ஒரு கங்காணியின் கீழுள்ள கூட்டம் வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் புதிய தோட்டக்காரர் அந்தத் துண்டில் கண்ட தொகையைச் செலுத்த வேண்டும், அப்போது ஆட்கள் கைமாறுவார்கள், கடன் அவர்கள் தலையிலேயே இருக்கும். ஒரு கைச்சீட்டு அளவுள்ள காகிதத்தில் ஒரு கூட்டத்தின் இடப்பெயர்வு முழுவதும் அடங்கியிருந்தது. 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. போனவர்களின் பேரப்பிள்ளைகள் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் பங்கிட்டது. திரும்பிவந்தவர்களில் பலர் நீலகிரியில், அவர்களுக்கென்றே தமிழ்நாடு அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களில், மீண்டும் கொழுந்து பறிக்கப் போனார்கள். ராவன்ஸ்டைன் சொன்ன எதிரோட்டம் இங்கே இயல்பாக நிகழவில்லை, இரு அரசுகள் கையெழுத்திட்டு நிகழ்த்தின.

போராலும் ஒடுக்குமுறையாலும் துரத்தப்படுவோரின் நிலை வேறு. அவர்களுக்குக் கணக்குப் போட நேரமில்லை. என்றாலும் அவர்கள் போகும் திசையிலும் வெற்றுநிலம் இல்லை. 2017 ஆகஸ்டுக்குப் பின் மியான்மரிலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோகிங்கியர்கள் ஓடிச்சேர்ந்த இடம், பெரிய நாடுகளுள் மிக நெருக்கமான வங்கதேசம். எல்லை அங்கே இருந்தது, ஒரே சமயத்தவரும் நெருங்கிய மொழி பேசுவோரும் அங்கே இருந்தார்கள். உலக அகதிகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் தம் நாட்டை அடுத்த நாட்டிலேயே தங்கிவிடுகிறார்கள், பணக்கார நாடுகளின் அரசியல் மேடைகளில் எழும் கூச்சலை மட்டும் கேட்பவர்களுக்கு இது தெரியவராது.

கேரளம் பற்றிய இழையை முடிக்காமல் விட்டிருந்தேன். வளைகுடாவுக்கு ஆள் போன இடத்தில் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது, வளைகுடாப் பணத்தில் கட்டிய வீடுகளுக்கே கொத்தனும் சித்தாளும் வேண்டியிருந்தது. தன்பாத்திலிருந்து ஆலப்புழை செல்லும் விரைவுரயில் ஜார்க்கண்டில் புறப்பட்டு, ராஞ்சி, ரூர்கேலா, சம்பல்பூர் வழியாக ஆந்திரக் கடலோரத்தில் இறங்கி, காட்பாடி, சேலம், ஈரோடு கடந்து திருப்பூரில் நிற்கும். பொதுப்பெட்டியிலிருந்து இறங்கும் இளைஞர்களின் தோளில் ஒரு பை, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியோ சுருட்டிய போர்வையோ இருக்கும். அவர்கள் யாரிடமும் வழி கேட்டு நான் கண்டதில்லை. நடைமேடையிலேயே கைப்பேசியைக் காதில் வைப்பார்கள், சிறிது நேரத்தில் அவர்கள் ஊர்க்காரர் ஒருவர், பனியன் கம்பெனியில் ஓரிரு ஆண்டு மூத்தவர், வந்து அழைத்துப்போவார். இறங்காதவர்கள் அதே ரயிலில் பாலக்காட்டைக் கடந்து ஆலுவா வரை போய்ப் பெரும்பாவூரின் ஒட்டுப்பலகை ஆலைகளில் சேர்வார்கள். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் அங்கே வருவோருக்கு வேறு ரயில்கள் உண்டு.

இங்கே ஆள் தேவைப்படுவது இன்னும் கூடத்தான் போகிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 1.8, பீகாரில் 3. ஆனால் அந்த எண்களின் வேறுபாடு மட்டும் ஒருவரையும் ரயிலேற்றிவிடாது. பீகாரில் மிக நெருக்கமான மாவட்டத்திலிருந்தோ மிக ஏழையான மாவட்டத்திலிருந்தோதான் வருவார்கள் என்றும் சொல்ல முடியாது. திருப்பூரில் ஏற்கெனவே ஒரு வாடகை அறை எடுத்துத் தங்கி, ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருப்பவர் எந்தக் கிராமத்தவரோ, அடுத்த ஆள் பெரும்பாலும் அந்தக் கிராமத்திலிருந்துதான் வருவார்.